தப்பு நடந்தால் நிற்கவும்

வாங்க சார், உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அது பையன் வீட்டுக்காரங்க உக்கார்றது, நடுவுல பள்ளம் விழுந்துருச்சு. இதுல உக்காருங்க. திருப்பூர்ல இருந்து பஸ்ஸிலயா வந்தீங்க? இந்த ஈரோட்டு வெயில்ல, மத்தியானம் ரெண்டு மணிக்கு, வேலைக்கு எடுக்கப் போற ஒருத்தரைப் பத்தி நேர்ல விசாரிக்க ஆள் அனுப்பற கம்பெனின்னா அது நல்ல கம்பெனியாத்தான் இருக்கணும். எங்க முதலாளியா இருந்தா ஜாதகத்தை வாங்கிப் பாத்துட்டு அதோட விட்டிருப்பாரு.

ஃபாரத்தைக் குடுங்க. எட்டுக் கேள்விங்களா? கீழ கையெழுத்து. போட்டுடறேன். இருக்கட்டுங்க, கேள்வியெல்லாம் அப்புறம் நிரப்பிக்கலாம். கையெழுத்தை முதல்லயே போட்டுட்டா எனக்கு மனசு லேசாயிரும். திருமூர்த்தி, கணினிப் பொறுப்பாளர். தேதியை நீங்களே போட்டுக்குங்க.

கோகிலவாணியைப் பத்திக் கேக்கறீங்க. நல்ல பொண்ணு சார். முதல் ஆறு கேள்விக்கும் நல்லபடியாவே போட்டுக்குங்க. நேரத்துக்கு வரும், நேரத்துக்குப் போகும், யார்கிட்டயும் ஒரு அதட்டல் கிடையாது. ஒரே ஒரு குறை, எதையும் ரெண்டு தடவை கேக்கும். அது குறையான்னு கேட்டீங்கன்னா, கேக்கறவங்களுக்கு இல்லைங்க, பதில் சொல்றவங்களுக்குத்தான்.

ஏழாவது கேள்வி என்னங்க? 'இவரது பிழையால் நிறுவனத்துக்கு இழப்பு ஏற்பட்டதா?' அடேங்கப்பா. எட்டாவது, 'வாய்ப்பிருந்தால் இவரை மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா?' இந்த ரெண்டுக்கும் ஆமா, இல்லைன்னு ரெண்டே கட்டம் வெச்சிருக்கீங்க. வாழ்க்கை அப்படியெல்லாம் கட்டத்துக்குள்ள அடங்காதுங்க. ராசிக் கட்டமே பன்னெண்டு இருக்குது.

சொல்றேன், முழுசாவே சொல்றேன். டீ வருது, குடிச்சுக்கிட்டே கேளுங்க.

இது வரன் பாக்கற மையமுங்க. எங்ககிட்ட நாலாயிரத்து எண்ணூத்திச் சொச்சம் ஜாதகம் கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. இருந்துச்சுன்னா, இப்பவும் இருக்குது, நடுவுல கொஞ்ச நாள் இல்லாம இருந்துச்சு. அந்தக் கொஞ்ச நாளைப் பத்தித்தான் உங்க ஏழாவது கேள்வி.

எங்க முதலாளி சென்னியப்பன் ஐயாவுக்கு ஒரு கொள்கை. நிச்சயமான ஜாதகமும் நிச்சயமாகாத ஜாதகமும் ஒரே இடத்துல இருக்கக்கூடாது. இருந்தா காத்திருக்கற ஜாதகத்தோட கண்ணு பட்டுருமாம். அதனால நிச்சயமானதை வெக்கறதுக்குன்னே வெளியில தனியா ஒரு டிஸ்க் வாங்கினாரு. நிச்சயம் ஆனதும் ஜாதகத்தை அதுக்கு மாத்தணும், சாயங்காலம் அஞ்சு மணிக்கு அதுல இருக்கறதை அழிச்சிரணும். அழிக்கறதுக்கு எதுக்குங்க தனி டிஸ்க்குன்னு கேட்டேன். 'நீ கல்யாணம் ஆனவன், உனக்குத் தெரியாது'ன்னுட்டாரு.

அழிக்கற வேலையை ஆளா உக்காந்து செய்ய முடியுங்களா? ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒண்ணும் இல்லைங்க, கட்டளைகளை வரிசையா எழுதி வெச்சுட்டா தினமும் அஞ்சு மணிக்குக் கம்ப்யூட்டர் அதே வரிசையில செய்யும். முதல் வரி, ஜாதகம் இருக்கற இடத்துக்குப் போ, இன்னைக்கு நிச்சயமானதை எடுத்து டிஸ்க்குக்கு மாத்து. அடுத்த வரி, அந்த டிஸ்க்குக்குப் போ. அதுக்கு அடுத்தது, இருக்கற இடத்துல என்ன இருந்தாலும் துடைச்சுப் போடு. அவ்வளவுதான். ஆறு வருஷம் ஓடுச்சுங்க. ஆறு வருஷம். ஒரு நாள் பிசகலை. இதைக் கொஞ்சம் எழுதிக்கறீங்களா? சரி, அது என்னைப் பத்தினது, வேண்டாம்.

இந்தக் கட்டளைங்க இருக்குதே, அதுங்களைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. கட்டளைக்குப் பக்கத்துல ஒரு சின்னக் கோடு போட்டு ஒரு எழுத்துப் போடணும். ஆப்ஷன்ம்பாங்க. அந்த எழுத்துதான் கட்டளை எப்படி நடந்துக்கணும்னு சொல்றது. ஒரே எழுத்துக்கு எல்லாக் கட்டளையும் ஒரே மாதிரி நடந்துக்கும்னு நினைப்பீங்க. நியாயமான மனுசன் அப்படித்தான் நினைப்பான். எஃப்னு போட்டா ஒரு கட்டளை எதையும் கேக்காம அழிக்கும். அதே எஃப்பைப் பாத்தா இன்னொண்ணு 'கோப்போட பேரு என்ன'ங்கும். மூணாவது ஒண்ணு கோப்போட வாலைப் பிடிச்சுக்கிட்டு, புதுசா ஏதாவது வருதான்னு உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கும். ஆர்னு போட்டா ஒண்ணு உள்ள இருக்கறது அத்தனையையும் சேத்துக் காப்பி எடுக்கும், இன்னொண்ணு வரிசையைத் தலைகீழா மாத்தும். அனுமதி குடுக்கற கட்டளைக்குப் பெரிய ஆர் போடணும். தெரியாத்தனமா சின்ன ஆரைப் போட்டீங்கன்னா படிக்கற உரிமையையே பிடுங்கிரும். இதையெல்லாம் வேற வேற ஊர்ல, வேற வேற காலத்துல, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்காதவங்க எழுதினாங்களாம். எங்க வீட்டுல ஒரே சமையல்கட்டுல என்ற அம்மாவும் என்ற சம்சாரமும் உப்பு டப்பாவை வேற வேற இடத்துல வெக்கறாங்க, அதையே என்னால தீர்த்து வெக்க முடியலை.

இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, இதுல ஒரே ஒரு ஆப்ஷனை நான் நம்பினேன். ஸ்கிரிப்ட்டோட நெத்தியில போடறது. அதைப் போட்டா, எந்த வரியில தப்பு நடந்தாலும் அங்கயே நின்னுரும், அடுத்த வரிக்குப் போகாது. தப்பு நடந்தால் நிற்கவும். இதைவிட ஒரு நல்ல பழக்கத்தை மனுசனுக்கே சொல்லிக் குடுக்க முடியாது பாருங்க. டிஸ்க்குக்குப் போக முடியலைன்னா அங்கயே நின்னுரும், துடைக்காது. அந்தத் தைரியத்துலதான் ஆறு வருஷம் நிம்மதியாத் தூங்கினேன்.

கோகிலவாணி வந்து ஒரு வருஷம் இருக்கும், ஒரு பிரச்சனை வந்துச்சு. டிஸ்க் வயரு லூசாகி நாலு நாளா ஸ்கிரிப்ட் நின்னு நின்னு போயிருக்குது. தப்பு நடந்துச்சு, நின்னுச்சு. அது வேலையை அது ஒழுங்காப் பாத்துச்சு. ஆனா யாருக்கும் தெரியலை. காங்கேயத்துல ஒருத்தர், பொண்ணுக்கு நிச்சயம் முடிச்சு மண்டபமும் பிடிச்சுட்டாரு. அவரு பொண்ணு ஜாதகம் இன்னும் நாலு வீட்டுக்குப் போயிக்கிட்டிருக்குது. அதுல ஒரு வீடு சம்பந்தி வீட்டுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். எப்படி இருக்கும்? அந்த மனுசன் இங்க வந்து, இதோ நீங்க உக்காந்திருக்கற இடத்துல நின்னு, என்னைக் கேட்டாரு: 'ஏனுங்க, என்ற பொண்ணுக்கு எத்தனை கல்யாணம் பண்றதா உத்தேசம்?'

எனக்கு அது பெரிசா உறைக்கலை. கோகிலவாணி முகம்தான் செத்துப் போச்சு. அடுத்த புதன்கிழமை ஸ்கிரிப்ட்டுல ஒரு வரியைச் சேத்துச்சு. அழிக்கற வேலை நடக்கலைன்னா உடனே எல்லாருக்கும் ஒரு மெயில் அனுப்பு. அவ்வளவுதான். டிஸ்க்குக்குப் போறது, துடைக்கறது எல்லாத்தையும் ஒரே கட்டாக் கட்டி, 'இதைச் செய், முடியலைன்னா சொல்லு'ன்னு பக்கத்துலயே போட்டுச்சு.

பாத்தா நல்ல வரி. யாருக்குத்தான் ஆட்சேபம் இருக்கும்?

இங்கதான் சார் அந்த நிக்கற ஆப்ஷனோட குணம். கையேட்டுல எங்கயோ ஒரு மூலையில ஒரு பாரா இருக்குது. நீங்க சும்மா ஓட விட்டீங்கன்னா தப்பு நடந்த இடத்துல நிக்கும். ஆனா 'நடந்துச்சா, இல்லையா'ன்னு கேக்கற மாதிரி பக்கத்துல ஒரு வரி இருந்துச்சுன்னு வைங்க, அப்ப நிக்காது. தப்பை முழுங்கிட்டு அடுத்த வரிக்குப் போயிரும். அதான் கேக்கறதுக்கு ஆள் இருக்குதே, நான் எதுக்கு நிக்கணும்ங்கற மாதிரி. யாரும் கேக்காதப்ப நேர்மை, யாராவது கேட்டா கமுக்கம். இப்படி ஒரு பிறவியை நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா? நான் பாத்ததில்லைங்க.

என்னங்க? அந்தப் பொண்ணு யார்கிட்டயாவது கேட்டுட்டுத்தான் அந்த வரியைப் போட்டுச்சான்னா?

டீ ஆறுதுங்க, எடுத்துக்குங்க.

புதன் போச்சு, வியாழன் போச்சு, நல்லாத்தான் ஓடுச்சு. வெள்ளிக்கிழமை வாஸ்து பாக்கறவரு வந்தாரு. முதலாளியோட பழைய சிநேகிதம். ஆபீஸைச் சுத்தி வந்தாரு, டிஸ்க்கைப் பாத்தாரு. 'இதென்ன கன்னி மூலையில?'ன்னாரு. நிச்சயமான ஜாதகம்னு சொன்னாங்க. அதிர்ந்து போயிட்டாரு. 'போக வேண்டியதைக் கொண்டுவந்து கன்னி மூலையில கனமா உக்கார வெச்சா அப்புறம் வரன் எப்படி நகரும்? வாயு மூலைக்கு மாத்துங்க, காத்தாப் பறக்கும்'ன்னாரு. அவரு வாக்குல தப்பே சொல்ல முடியாது. பறந்துச்சு.

முதலாளியே கையால எடுத்தாரு. நாலே கால் மணிக்கு நல்ல நேரம். வயரைப் பிடுங்கி, டிஸ்க்கைத் துண்டுல ஏந்திக்கிட்டுப் போயி, வாயு மூலையில ஸ்டூல் போட்டு வெச்சு, எலுமிச்சம்பழம் சுத்தி, சூடம் காட்டினோம். நானும் கன்னத்துல போட்டுக்கிட்டேன். கம்ப்யூட்டர் வரைக்கும் வயரு எட்டலை. 'நாளைக்கு நீளமா ஒண்ணு வாங்கிக்கலாம்'ன்னாரு.

அஞ்சு மணி ஆச்சு. ஸ்கிரிப்ட் எழுந்திருச்சு. ஜாதகம் இருக்கற இடத்துக்குப் போச்சு, போயிருச்சு. அன்னைக்கு நிச்சயம் எதுவும் ஆகலை, மாத்தறதுக்கு வேலை இல்லை. டிஸ்க்குக்குப் போன்னு அடுத்த வரி. டிஸ்க் ஸ்டூல் மேல பொட்டு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்குது, போக முடியலை. பழையபடின்னா அங்கயே நின்னிருக்கும். இப்பத்தான் கேக்கறதுக்குப் பக்கத்துல ஒரு வரி இருக்குதே. நிக்கலை. இருக்கற இடத்துல என்ன இருந்தாலும் துடைச்சுப் போடுங்கறது அடுத்த வரி. இருந்த இடம் எது? ஜாதகம் இருக்கற இடம்தான். துடைச்சுப் போட்டுச்சு. கடைசி வேலை நல்லபடியா முடிஞ்சதால 'எல்லாம் சரி'ன்னு பதிலும் சொல்லிருச்சு. சரின்னு சொன்னா மெயில் எதுக்குங்க? மெயில் வரலை. நாங்க நிம்மதியா வீட்டுக்குப் போனோம்.

காப்பி இருந்துச்சான்னா? இருந்துச்சுங்க. நான் என்ன அவ்வளவு விவரம் கெட்டவனா? ஆறு மணிக்குத் தினமும் இன்னொரு கம்ப்யூட்டருக்கு ஒரு நகல் போகும். அதுக்கும் நான்தான் ஒரு ஆப்ஷன் போட்டிருந்தேன். அசல்ல இல்லாதது நகல்லயும் இருக்கக்கூடாதுன்னு. சுத்தம்னா எனக்குப் பிடிக்கும். ஆறு மணிக்கு அது வந்து பாத்துச்சு, அசல்ல ஒண்ணும் இல்லை. அங்கயும் துடைச்சிருச்சு. அந்த ஆப்ஷன் மட்டும்தான் சார் அன்னைக்கு ஒரு பிசகும் இல்லாம, சொன்ன சொல் மாறாம வேலை செஞ்சுது. நானும் இதை யார்கிட்டயும் பெரிசு பண்ணிச் சொல்லலை. விசாரணையில அது வேற விஷயமாப் போயிரும்.

சனிக்கிழமை காலையில கூட்டம். கோபியில இருந்து ஒருத்தர் கல்லாட்டமா உக்காந்திருந்தாரு. கம்ப்யூட்டரைத் திறந்தா ஒரு ஜாதகம் இல்லை. ஒண்ணுகூட இல்லை. ரிசப்ஷன் பொண்ணு அழுதுக்கிட்டே சொல்லுது. அவரு கேட்டாரு, 'ஏனுங்க, எல்லாத்துக்குமே ஆயிருச்சுங்களா?' பக்கத்துல இருந்தவரு, 'என்ற பையனுக்கு முப்பத்தெட்டுங்க. கம்ப்யூட்டராவது அவனைக் கரையேத்துச்சே'ன்னாரு. அவங்களுக்குச் சிரிப்பு.

அப்புறம் வீடு வீடாச் சொல்லி, மறுபடி ஜாதகத்தைக் கொண்டு வரச் சொன்னோம். ரெண்டு மாசம் ஆச்சு. ஒரு விநோதம், ரெண்டாவது தடவை வந்தப்ப மூல நட்சத்திரத்துப் பொண்ணுங்க பதினேழு பேருக்கு நட்சத்திரம் மாறிப் போயிருந்துச்சு. முதல்ல குடுத்தது எங்ககிட்டயும் இல்லையே, யாரைக் கேக்கறது? அதுல பதினோரு பேருக்கு உடனே அமைஞ்சிருச்சு. இதை நீங்க இழப்புன்னு போடுவீங்களா, லாபம்னு போடுவீங்களா? அதனாலதான் ஏழாவது கட்டத்தைக் காலியா விடுங்கங்கறேன்.

விசாரணையா? நடந்துச்சுங்க, உள்ள அந்த ரூம்லதான். முதலாளி, ஆடிட்டர், வாஸ்துக்காரரும்கூட இருந்தாரு, எதுக்குன்னு தெரியலை. 'கடைசியா இதுல கை வெச்சது யாரு?'ன்னாரு முதலாளி. ஸ்கிரிப்ட்லயே தேதியும் பேரும் இருக்குது, புதன்கிழமை, கோகிலவாணி. நான் பொய் சொல்லலைங்க. இருக்கறதைப் படிச்சுக் காட்டினேன்.

'ஏன் அம்மணி, இப்படிப் பண்ணிட்டயே'ன்னாரு. அவரு எல்லாப் பொண்ணுங்களையும் அம்மணின்னுதான் கூப்பிடுவாரு. கோபத்துலயும் அம்மணிதான்.

அது, 'கேட்டுட்டுத்தானுங்க போட்டேன்'ன்னுச்சு.

'யாரைக் கேட்ட?'

அந்தப் பொண்ணு என்னைப் பாத்துச்சு. முதலாளியும் பாத்தாரு. 'மூர்த்தி, உங்கிட்டக் கேட்டுச்சா?'ன்னாரு.

நான் என்ன சொன்னேன்னா, 'ஐயா, கையேட்டுல அந்தப் பாரா இருக்குதுங்க, படிச்சிருக்கணும்'ன்னேன். அதுல ஒரு எழுத்துப் பொய் இருக்குதுங்களா? இல்லை. நான் படிச்சேனான்னா, படிச்சேன். சனிக்கிழமை மத்தியானம் படிச்சேன்.

நீங்க திருப்பித் திருப்பி அதையே கேக்கறீங்க. கேட்டுச்சா, கேக்கலையான்னு. அந்தப் பொண்ணு மாதிரியே ரெண்டு தடவை கேக்கறீங்க, உங்க கம்பெனிக்குப் பொருத்தமான ஆள்தான். எங்கிட்ட ஒரு நாளைக்கு எத்தனையோ பேரு எத்தனையோ கேக்கறாங்க, எதைன்னுங்க ஞாபகம் வெச்சுக்கறது? பிரிண்டர்ல பேப்பர் சிக்கினாக்கூட என்னைத்தான் கேக்கறாங்க. முதலாளி கையால டிஸ்க்கைத் தூக்கினதை நான் சொன்னேனா? அதையும் சொல்லலை. எல்லாரையும் ஒரே மாதிரித்தான் காப்பாத்தினேன். அந்தப் பொண்ணு ஒண்ணுதான் நடுவுல சிக்கிருச்சு.

ஏழும் எட்டும் அப்படியே இருக்கட்டும். காலியா விட்டா எடுக்க மாட்டாங்களா? ரெண்டும் நிரம்பலைன்னா ஃபைலை மூடிருவாங்களா? அதுக்கு நான் என்னங்க பண்றது. அது உங்க கம்பெனி சட்டம்.

கிளம்பறீங்களா? சரிங்க. படி கொஞ்சம் செங்குத்து, பாத்து இறங்குங்க. நானும் கீழ வரைக்கும் வர்றேன். பேனாவைப் பையில வெச்சுட்டீங்களா? தாளையும் மடிச்சாச்சா? நல்லது. இந்தப் பக்கம் நிழல்ல வாங்க.

மூணு மாசமா வேலை இல்லாம இருக்குதுங்களாமே அந்தப் பொண்ணு. பவானியில ஏதோ ஜெராக்ஸ் கடையில உக்காருதுன்னு கேள்விப்பட்டேன். எம்.சி.ஏ. படிச்சுட்டு.

நீங்க இப்ப ஒண்ணும் கேக்கலை. நானாச் சொல்றேன். அன்னைக்குப் புதன்கிழமை, மத்தியானம், நான் ஃபோன்ல செஸ் ஆடிக்கிட்டிருந்தேன். யாரோ பெரு நாட்டுக்காரன், முகம் தெரியாது, வாய்ப் பேச்சு கிடையாது, என்ற ராணியை மூணு பக்கமும் வளைச்சுட்டான். அப்பப் பாத்து லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிட்டு வந்துச்சு. 'ஏனுங்ணா, இந்த வரியைச் சேக்கறேன். மேல நீங்க நிக்கச் சொல்லிப் போட்டிருக்கறீங்கள்ல, அதுக்கும் இதுக்கும் எதுவும் ஆகாதுங்களா?' சரியா அந்த இடத்துல விரலை வெச்சுக் கேட்டுச்சு சார். எந்தக் கையேட்டையும் படிக்காமயே அதுக்கு அங்க என்னமோ தட்டுப்பட்டிருக்குது. நான் ராணியைப் பாத்துக்கிட்டே, 'போடுங்க, போடுங்க'ன்னேன். 'ஒருக்கா நீங்க பாத்துட்டீங்கன்னா...'ன்னு இழுத்துச்சு. ரெண்டு தடவை கேக்கும்னு சொன்னேன்ல. 'போடுங்கம்மா, ஒண்ணும் ஆகாது'ன்னேன். ராணியும் போச்சு.

வேலையை விட்டுப் போற அன்னைக்கு என்ற மேசையில ஒரு தாளை வெச்சுட்டுப் போச்சு. திட்டி எழுதியிருக்கும்னு பயந்துக்கிட்டு, ரெண்டு நாள் தொடலைங்க. பிரிச்சா, ஸ்கிரிப்ட்டை எப்படி மாத்தணும்னு எழுதியிருக்குது. அந்த நெத்தி ஆப்ஷனை நம்ப வேண்டாம், டிஸ்க்குக்குப் போற வரிக்குப் பக்கத்துலயே 'போக முடியலைன்னா வெளியேறு'ன்னு தனியாப் போடுங்கணான்னு. அப்படியே போட்டேன். இப்ப அருமையா ஓடுது. கீழ என்ற பேரு இருக்குது, கடைசியாக் கை வெச்சது நான்தானே.

ஏன் நின்னுட்டீங்க? பஸ் ஸ்டாண்டு அந்தப் பக்கம் சார், இன்னும் நூறடிதான்.

எதுக்கு மறுபடி தாளைப் பிரிக்கறீங்க? நான் சும்மா நடந்துக்கிட்டே பேசினது. விசாரணையில சொன்னது கிடையாது. எங்கிட்ட யாரும் எதுவும் கேட்டதா எனக்கு ஞாபகம் இல்லைன்னு அப்பவே சொன்னேனே. பேனாவை எடுத்தா எனக்கு அப்படித்தாங்க வாயில வருது.

இருங்க, ஃபோன் அடிக்குது. அதே பெருக்காரன். மூணு மாசமா விட மாட்டேங்கறான் சார். இன்னைக்குக் குதிரையைக் கொண்டுவந்து நடுவுல நிறுத்திட்டான், பாருங்க. இதை வெட்டினா அது போகும், வெட்டலைன்னா... கேக்குதுங்க, கேக்குதுங்க. ஏழும் எட்டுமா? ம். போடுங்க, போடுங்க. ஒண்ணும் ஆகாது. யானையைக் கொஞ்சம் தள்ளி வெச்சா...

சார், என்னத்தைப் போட்டீங்க?

ஏழுல 'இல்லை'ன்னா போட்டீங்க? எட்டுல 'ஆமா'ன்னா? பக்கத்துல என்னமோ நாலு வரி எழுதியிருக்கறீங்களே, அதென்ன என்ற பேரு நடுவுல? ஏனுங்க, கொஞ்சம் நில்லுங்க. திருப்பூர் பஸ் அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு இருக்குது. நான் ஒருக்காப் பாத்துட்டுத் தர்றேன், குடுங்க. சார், கீழ என்ற கையெழுத்து இருக்குதுங்களே.